ஆய்வுகூட வைரம்: அணிய அழகு, விற்கப் போனால்...?

கடந்த நோன்பு விடுமுறையில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து வீடு வந்தபோது, பல வருடங்களுக்கு முன்னர் எமது அஹதிய்யாவில் என்னிடம் ஓதிய மாணவியொருத்தி தன் உம்மாவுடன் விறாந்தையில் காத்திருந்தாள். இப்போது அவளும் ஒரு பிள்ளைக்குத் தாய். முகம் வாடியிருந்தது. ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து முடிந்ததும் கைப்பையிலிருந்து சிறிய பெட்டியொன்றை எடுத்து மேசைமீது வைத்தாள். உள்ளே ஒரு மோதிரம். அதன் நடுவில் இருந்த கல் மாலை வெயிலில் சுடர்விட்டது.

"இது எனக்குத் தந்த மஹர், ஹஸரத்" என்றாள்.

அவளது கணவர் கத்தாரில் தொழில் செய்தவர். சில வருடங்கள் சேமித்த பணத்தில் டோஹாவில் ஒரு கடையில் வாங்கிய மோதிரம் அது. நிக்காஹ்வின்போது "ஒரு கரட் வைர மோதிரம்" என்று சொல்லியே மஹர் கொடுக்கப்பட்டது. இப்போது கணவருக்கு வேலை போய், ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. இவளுக்குத் தையல் நன்றாக வரும். மோதிரத்தை விற்றுத் தையல் இயந்திரங்கள் இரண்டு வாங்கி, வீட்டிலிருந்தே தொழில் தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறாள். உம்மாவும் மகளுமாகக் கொழும்பில் மூன்று நகைக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். மூன்றிலும் ஒரே பதில்: "தங்கத்துக்குக் காசு தரலாம். கல்லுக்கு ஒன்றும் போட முடியாது. விரும்பினால் கல்லைக் கழற்றித் தருகிறோம், கொண்டு போங்கள்."

பெட்டியினுள் மடித்து வைத்திருந்த பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த விபரத்தில், இது ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் என்பது தெளிவாகவே இருந்தது. விற்றவர் மறைக்கவில்லை. வாங்கியவர் கவனிக்கவில்லை.

"அப்படியென்றால் இது பொய்க் கல்லா, ஹஸரத்? என்னுடைய மஹரும் பொய்யா?" என்று கேட்டபோது அவள் கண்கள் கலங்கிவிட்டன.

அன்று நான் உடனே விடை சொல்லவில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டேன். இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் நண்பர்களிடம் விசாரித்தேன். இது பற்றிக் கிடைத்தவற்றை வாசித்தேன். மூத்த உலமாக்களிடமும் கேட்டேன். அப்படி அறிந்துகொண்டவை நகை வாங்கும், நகை கொடுக்கும் எல்லா வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பொய்க் கல் அல்ல

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆய்வுகூட வைரம் கண்ணாடி அல்ல. 'அமெரிக்கன் டயமன்ட்' என்று எம்மவர் அழைக்கும் சிர்கோனியா கல்லும் அல்ல. அவையெல்லாம் வைரத்தைப் போலத் தோன்றும் வேறு பொருட்கள். ஆய்வுகூட வைரமோ, நிலத்தடியில் கிடைக்கும் வைரத்தைப் போலவே கரியணுக்களால் ஆனது. அதே கடினம், அதே ஒளி. நகைக் கடைக்காரர் கையில் வைத்திருக்கும் பேனை போன்ற சோதனைக் கருவியை வைத்தால் அது 'வைரம்' என்றே காட்டும். ஏனெனில் அக்கருவி பார்ப்பது கல் வெப்பத்தைக் கடத்தும் விதத்தைத்தான். கல் பிறந்த இடத்தையல்ல. இரண்டையும் பிரித்தறிய விசேட ஆய்வுக் கருவிகள் வேண்டும்.

நிலத்தடி வைரம் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் உருவானது. அதே நிலையை இயந்திரத்துக்குள் உண்டாக்கும் முயற்சி கடந்த நூற்றாண்டில் வெற்றி பெற்றது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் பணியாற்றிய ட்ரேசி ஹோல் என்ற விஞ்ஞானி 1954 டிசம்பரில் வைரத்தைச் செய்துகாட்டினார். அது நகைக்கு உதவாத சிறு துகள். வெட்டும் கருவிகளுக்கே பயன்பட்டது. நகையில் பதிக்கத்தக்க தரத்தில் அதே கம்பனி 1970இல் கற்களை உண்டாக்கியபோதும் செலவு மிக அதிகமாக இருந்தது.

இன்று இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, சிறிய வைரத் துண்டொன்றை 'விதை'யாக வைத்து, ஏறத்தாழ 1300 முதல் 1600 பாகை செல்சியஸ் வெப்பமும், வளியமுக்கத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் கொடுத்து வளர்ப்பது. சீனாவின் ஹெனான் மாகாணம் இதற்குப் பேர்போனது. மற்றது, மூடிய அறையொன்றில் மெத்தேன், ஐதரசன் வாயுக்களைச் செலுத்திச் சூடாக்கி, வாயுவிலுள்ள கரியணுக்கள் விதைமீது படலம் படலமாகப் படியச் செய்வது. இந்தியாவின் சூரத் நகரில் பெரிதும் நடைபெறுவது இதுவே. சில கிழமைகளில் கல் தயாராகிவிடும்.

2018ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தன் நகை வழிகாட்டலைத் திருத்தியபோது, வைரம் என்பதற்கான வரைவிலக்கணத்திலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை நீக்கியது. ஆயினும், கல் ஆய்வுகூடத்தில் உருவானது என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை அது கைவிடவில்லை. ஆகவே இது வைரம்தான். அப்படியிருந்தும் அந்த மூன்று கடைக்காரர்களும் ஏன் கையை விரித்தார்கள்?

விலை சரிந்த கதை

ஒரு பொருளின் விலை அதன் அழகைக் கொண்டு மட்டும் தீர்மானமாவதில்லை. அது எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பதைக் கொண்டே பெரிதும் தீர்மானமாகிறது. ஆய்வுகூட வைரம் நகைச் சந்தைக்குப் பரவலாக வந்த ஆரம்ப காலத்தில் அதன் விலை இயற்கை வைரத்தின் விலையைவிடச் சிறிதளவே குறைவாக இருந்தது. பின்னர் இயந்திரங்கள் பெருகின, தொழில்நுட்பம் மலிந்தது, விலை இறங்கத் தொடங்கியது.

2018இல் உலகின் பெயர்பெற்ற வைரக் கம்பனியான டி பியர்ஸ் தானே 'லைட்பொக்ஸ்' என்ற பெயரில் ஆய்வுகூட வைர நகைகளை விற்க முன்வந்தது. அது அறிவித்த விலைமுறை கவனிக்கத்தக்கது. கால் கரட் 200 டொலர், அரைக் கரட் 400 டொலர், ஒரு கரட் 800 டொலர். சீனியும் அரிசியும் நிறுத்து விற்பது போன்ற கணக்கு! இயற்கை வைரத்தில் அப்படியில்லை. பெரிய கல் அரிதிலும் அரிது என்பதால், ஒரு கரட் கல்லின் விலை அரைக் கரட் கல்லின் விலையைப் போல இரண்டு மடங்கைவிட மிக அதிகமாக இருக்கும். எடைக்கு எடை ஒரே விலை என்று அறிவித்ததன் மூலம், இந்தக் கல்லில் அருமை என்று ஒன்று இல்லை என்பதை அந்தக் கம்பனி உலகுக்குச் சொல்லிவிட்டது.

அந்த 800 டொலரும் நிலைக்கவில்லை. 2024இல் சாதாரண தரத்துக்கான விலை கரட்டுக்கு 500 டொலராகக் குறைக்கப்பட்டது. அதே வருடம், நகைக்கான ஆய்வுகூட வைர உற்பத்தியை நிறுத்துவதாக டி பியர்ஸ் அறிவித்தது. 2025 மே மாதம் லைட்பொக்ஸ் வியாபாரத்தையே மூடப் போவதாகக் கூறியது. இதற்கு முன்னரே, 2023 ஒக்டோபரில், அமெரிக்காவில் பெரிய அளவில் ஆய்வுகூட வைரம் தயாரித்த டபிள்யூ.டி. லேப் குரோன் டயமன்ட்ஸ் என்ற கம்பனி வங்குரோத்தாகிவிட்டது. செய்தவர்களுக்கே கட்டுப்படியாகாத அளவுக்கு விலை விழுந்திருந்தது.

மறுபுறம் உற்பத்தியோ குறையவில்லை. 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இந்திய அரசு வைர விதைகளுக்கான இறக்குமதித் தீர்வையை நீக்கியது. இத்துறை ஆய்வுக்கெனச் சென்னையிலுள்ள ஐ.ஐ.டி.க்கு ஐந்து வருடங்களுக்கு 242 கோடி இந்திய ரூபாவும் ஒதுக்கியது. இயந்திரங்கள் கூடக்கூடக் கல்லும் கூடும். கல் கூடினால் விலை இறங்கும்.

இன்னொரு உதாரணம். 2023 ஜூன் மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அமெரிக்கா சென்றபோது, அன்றைய ஜனாதிபதி ஜோ பைடனின் மனைவிக்குச் சூரத்தில் உருவான 7.5 கரட் ஆய்வுகூட வைரத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். அமெரிக்க அரசாங்கம் பின்னர் வெளியிட்ட அன்பளிப்புப் பட்டியலில் அதன் பெறுமதி 20,000 டொலர் என்று குறிக்கப்பட்டிருந்தது. அதே அளவும் தரமும் கொண்ட இயற்கை வைரம் இலட்சக்கணக்கான டொலர் பெறும்.

கடைக்காரரின் கணக்கு

இனி அந்த நகைக் கடைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு பெண் ஒரு கரட் ஆய்வுகூட வைரத்தைக் கொண்டு வருகிறாள். அதை வாங்கினால் அவர் கழற்ற வேண்டும், பரிசோதிக்க வேண்டும், புதிய நகையில் பதித்து விற்க வேண்டும். அதற்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகலாம். அதற்குள் புதிய கல்லின் விலை இன்னும் இறங்கிவிடும். ஆனால் அவர் சூரத்திலுள்ள மொத்த வியாபாரிக்குத் தகவல் அனுப்பினால், சான்றிதழோடு புத்தம் புதிய கல்லே வந்து சேரும். அதுவும் கடையில் நாம் கொடுக்கும் விலையின் சிறு பகுதிக்கு. அப்படியிருக்கப் பழைய கல்லை அவர் ஏன் வாங்க வேண்டும்?

அவர் மோசடி செய்யவில்லை. அவரது கணக்கு சரியானது. நாம் கொடுத்த விலையில் கல்லின் கிரயம் ஒரு பகுதிதான். கடை வாடகை, விளம்பரம், செய்கூலி, இலாபம், வரி ஆகிய எல்லாமும் அதில் அடங்கியிருந்தன. விற்கப் போகும்போது இவை எதுவும் திரும்பி வருவதில்லை. மிஞ்சியிருக்கும் கல்லின் கிரயமும் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகிறது.

கற்களுக்குத் தரச் சான்றிதழ் வழங்கும் ஜி.ஐ.ஏ. நிறுவனமும் 2025 ஒக்டோபர் முதல் ஆய்வுகூட வைரங்களுக்கு, இயற்கை வைரத்துக்குக் கொடுப்பது போன்ற நுணுக்கமான நிறத் தரமும் தெளிவுத் தரமும் கொடுப்பதை நிறுத்திவிட்டது. 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என இரண்டே வகைகள். இயந்திரத்திலிருந்து வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரி உயர்ந்த தரத்தில் இருப்பதால், ஒன்றை மற்றதைவிட அரிதென்று சொல்ல இடமில்லை என்பதே காரணம்.

இயற்கை வைரம் மட்டும் என்ன?

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அப்படியென்றால் கடன்பட்டாவது இயற்கை வைரமே வாங்குவோம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. வைரத்தைச் சேமிப்பாக எண்ணுவதே பெரும்பாலும் விளம்பரம் ஊட்டிய நம்பிக்கை. வைரம் என்றென்றும் நிலைப்பது என்ற கருத்துள்ள புகழ்பெற்ற விளம்பர வாசகம் டி பியர்ஸ் கம்பனிக்காக 1947இல் எழுதப்பட்டது. என்றென்றும் வைத்திருக்க வேண்டிய பொருளை யார் விற்கப் போவார்? விற்கப் போனவருக்குத்தான் உண்மை தெரியும்.

பிரித்தானியாவில் பாவனையாளர்களுக்காக வெளிவந்த பண விவகாரச் சஞ்சிகையொன்று 1970இல் இலண்டனில் 400 ஸ்டேர்லிங் பவுண் கொடுத்து இரண்டு நல்ல வைரங்களை வாங்கிப் பெட்டகத்தில் வைத்தது. ஏறத்தாழ எட்டு வருடங்கள் கழித்து விற்க முயன்றபோது கிடைத்த மிகக் கூடிய கேள்வி 500 பவுண்தான். இடைப்பட்ட காலத்தில் பொருட்களின் விலைவாசி பன்மடங்கு ஏறியிருந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்வர்ட் எப்ஸ்டீன் 1982இல் எழுதிய பிரபலமான கட்டுரையில் இதனை எடுத்துக் காட்டியிருந்தார். அவை இயற்கை வைரங்கள்! 2022இன் பின்னர் இயற்கை வைரத்தின் விலையும் சரிவைக் கண்டது. ஆய்வுகூட வைரத்தின் பெருக்கம் அதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று.

தங்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். தங்கத்துக்கு ஒவ்வொரு நாளும் உலகறிந்த விலை உண்டு. செட்டியார் தெருவில் பத்துக் கடை ஏறினால் ஏறத்தாழ ஒரே விலைதான் சொல்வார்கள். உருக்கினாலும் அது தங்கம், உடைந்தாலும் தங்கம். வைரத்துக்கு அப்படி ஒரு நாள் விலை கிடையாது. பத்துக் கடையில் பத்து விலை. பல கடைகளில் விலையே இல்லை. நகை அடகு பிடிக்கும் இடங்களிலும் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத்தான் பெறுமதி பார்க்கிறார்கள் என்பதை அனுபவப்பட்ட சகோதரிகள் அறிவார்கள்.

இயற்கை வைரத்தை விற்றால் நட்டம். ஆய்வுகூட வைரத்தை விற்றால் பெரும்பாலும் முழு நட்டம். சுருக்கம் இதுதான்.

முத்தும் மாணிக்கமும் சொல்லும் பாடம்

செயற்கையாக உண்டாக்கிய ஆபரணப் பொருள் சந்தைக்கு வந்தது இதுதான் முதல் தடவையல்ல. எமது சிலாவத்துறை, மரிச்சிக்கட்டிக் கரைகளில் ஒரு காலத்தில் முத்துக் குளிப்பு நடந்ததை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஹ்ரைனும் குவைத்தும் எண்ணெய் காணுமுன் முத்தினாலேயே வாழ்ந்தன. 1917இல் நியூயோர்க் நகரில் கார்ட்டியே நகைக் கம்பனி இரண்டு சரம் கொண்ட முத்து மாலையொன்றைக் கொடுத்து, ஐந்தாம் அவெனியூவில் ஒரு மாளிகையையே வாங்கியது. மாலையின் அன்றைய மதிப்பு 10 இலட்சம் டொலர்.

யப்பானைச் சேர்ந்த மிக்கிமோட்டோ 1893இலேயே சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் முயற்சியில் வெற்றி கண்டிருந்தார். 1920களில் உருண்டையான வளர்ப்பு முத்துக்கள் சந்தையில் குவிந்தன. 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, வளைகுடாவின் முத்து வியாபாரம் வீழ்ந்தது; சுழியோடிகளின் குடும்பங்கள் கடனில் மூழ்கின. அந்த நியூயோர்க் மாலை 1957இல் ஏலத்தில் விற்கப்பட்டபோது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டொலரே கிடைத்தது. மாளிகையோ இன்றும் நிற்கிறது.

மாணிக்கத்தின் கதை வேறு. பிரான்சைச் சேர்ந்த வெர்னோய் என்பவர் 1902இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். சில வருடங்களில் நீலக்கல்லும் அதே முறையில் வந்தது. பேருவளை சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தக் கற்கள் புதியவையல்ல. ஒரு நூற்றாண்டு கடந்தும் இலங்கையின் இயற்கை நீலக்கல் தன் மதிப்பை இழக்கவில்லை. செயற்கை நீலக்கல்லோ மிக மலிவாகவே கிடைக்கிறது.

இயற்கை வைரம் முத்தின் வழியில் செல்லுமா, நீலக்கல்லின் வழியில் செல்லுமா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் இரண்டு கதைகளிலும் ஒன்று பொதுவானது. எந்தக் கதையிலும் மனிதன் பெருவாரியாகச் செய்த பொருளின் விலை ஏறவில்லை.

மஹரும் ஸகாத்தும்

ஆய்வுகூட வைரத்தைப் பெண்கள் அணிவதில் மார்க்கத்தில் தடையேதும் இல்லை. ஆபிரிக்காவில் உள்நாட்டு யுத்தங்களுக்குப் பணம் திரட்ட விற்கப்பட்ட வைரங்களைப் பற்றி அறிந்தவர்கள், சுரங்க வைரத்தைவிட இதுவே மனதுக்கு நிம்மதி என்று கருதவும் கூடும். மலிவாக, அழகாக, உறுதியாக ஒரு நகை கிடைக்கிறது என்றால் அதை அந்த விலைக்கு வாங்கி அணிவது தவறல்ல. தவறு வேறிடத்தில் ஏற்படுகிறது.

மஹர் என்பது பெண்ணின் சொந்தச் சொத்து. விதவையானாலும், கணவன் நோயுற்றாலும், தொழில் போனாலும் அவளுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்றாக அது அமையலாம். சிறியதாக இருப்பதில் குறையில்லை. இரும்பு மோதிரமேனும் தேடிவரும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழரைப் பணித்த சம்பவத்தை நாம் அறிவோம். ஆனால் அது இன்னதென்று தெளிவாக அறியப்பட்டிருக்க வேண்டும். "வைர மோதிரம்" என்று மட்டும் சொல்லி, கொடுப்பவரும் பெறுபவரும் வெவ்வேறாக விளங்கிக்கொண்டால் பின்னர் மனத்தாங்கல்தான் மிஞ்சும். இரு தரப்பும் இயற்கை வைரம் என்றே விளங்கியிருந்து, கொடுத்தது வேறாக இருந்தால் அது மஹரில் ஒரு குறையாகும். அதைக் கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அவரவர் விபரத்தை ஆலிம்களிடமும், தேவைப்பட்டால் காதியிடமும் சொல்லித் தீர்வு பெறலாம்.

ஸகாத்தைப் பொறுத்தவரை, அணிவதற்காக வைத்திருக்கும் வைரம், முத்து போன்ற கற்களுக்கு ஸகாத் இல்லை. கல் பதித்த தங்கத்தின் விடயத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாபிஈ மத்ஹபின் பலமான கருத்துப்படி, அளவோடு அணியும் ஆகுமான நகைக்கு ஸகாத் இல்லை. வியாபாரத்துக்காக வாங்கிய கல் என்றால் அது வியாபாரப் பொருள். வருடம் பூர்த்தியாகும் நாளில் உள்ள சந்தை விலைப்படி கணக்கிட வேண்டும்; வாங்கிய விலைப்படியல்ல.

இன்னொன்றும் உண்டு. கையில் இருப்பது ஆய்வுகூட வைரம் என்று தெரிந்த பின், தெரியாத ஒருவரிடம் இயற்கை வைரமாகக் காட்டி விற்பது மோசடி. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நினைவில் கொள்ள வேண்டும். நமக்கு ஏற்பட்ட நட்டத்தை இன்னொரு சகோதரியின் தலையில் கட்டுவது எந்த வகையிலும் ஆகாது.

வாங்குமுன் கேளுங்கள்

நகை வாங்கப் போகும் சகோதரிகளும், வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பு வாங்கும் கணவன்மாரும் மனதில் வைக்க வேண்டியவை இவை:

1. "இது இயற்கை வைரமா, ஆய்வுகூட வைரமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் இருந்தால், தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுத்த பிறகு பணம் கட்டுங்கள்.

2. தங்கத்தின் நிறை, தரம், விலை வேறாகவும், கல்லின் நிறை, விலை வேறாகவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'கரட்' என்ற சொல்லில் ஏமாற வேண்டாம். தங்கத்தில் கரட் என்பது தூய்மை. கல்லில் அது நிறை. ஒரு கரட் என்பது 0.2 கிராம் மாத்திரமே.

3. வைர நகைகள் பெரும்பாலும் 18 அல்லது 14 கரட் தங்கத்தில் செய்யப்படுகின்றன. 18 கரட்டில் முக்கால் பங்கே தங்கம். 22 கரட் நகையை எண்ணிக் கணக்குப் போட்டால் அங்கேயும் ஏமாற்றம் வரும்.

4. "திருப்பி எடுப்போம்" என்று கடைக்காரர் சொன்னால், பணமாகவா, வேறு நகைக்கு மாற்றாகவா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதே கடையில் அதைவிடக் கூடிய விலையில் இன்னொரு நகை வாங்கினால்தான் அந்தச் சலுகை. கடை மூடப்பட்டால் வாக்குறுதியும் போய்விடும்.

5. சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழ் பெற்ற கற்களின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இலக்கமொன்று லேசர் கதிரால் பொறிக்கப்படுவதுண்டு. கடையிலுள்ள பூதக்கண்ணாடியால் அதைச் சான்றிதழோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் இருப்பதனால் மட்டும் கல் இயற்கையானது என்று ஆகிவிடாது; ஆய்வுகூட வைரத்துக்கும் சான்றிதழ் உண்டு.

6. மஹராகவோ சேமிப்பாகவோ கொடுக்க நினைத்தால் தங்கத்தையோ பணத்தையோ வேறாகக் குறிப்பிட்டுக் கொடுங்கள். வைர மோதிரத்தை அதற்கு மேலதிகமான அன்பளிப்பாகக் கொடுங்கள். திருமணப் பதிவிலும் அப்படியே தெளிவாக எழுதப்படட்டும்.

அவளுக்குச் சொன்ன பதில்

இரண்டு கிழமை கழித்து அந்த மாணவி மீண்டும் வந்தாள். இம்முறை கணவரும் கூட வந்திருந்தார். நான் அறிந்ததைச் சொன்னேன். "கல் பொய்யல்ல மகள். விலையைப் பற்றி நாம் நினைத்ததுதான் பிழை" என்றேன்.

கணவர் தலை குனிந்தபடி சிறிது நேரம் இருந்தார். "வைரம் என்றால் வைரம் என்றுதான் நினைத்தேன், ஹஸரத். கடையில் அது மலிவாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன்" என்றார். யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்ல அவர். நிக்காஹ் பேசிய நேரத்தில் இரு வீட்டாரும் மனதில் வைத்திருந்தது இயற்கை வைரத்தையே என்பதை அவர் ஒப்புக்கொண்டார். தொழில் கிடைத்ததும் இரண்டு பவுண் தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மனைவிக்குச் சேர்த்துக் கொடுப்பதாக, மாமியின் முன்னிலையில் தாமாகவே சொன்னார். அவளும் மனமொப்பி ஏற்றுக்கொண்டாள்.

தையல் இயந்திரம் ஒன்றை வாங்க அவளது வாப்பாவின் சகோதரர் வட்டியில்லாக் கடன் கொடுத்தார். இரண்டாவது இயந்திரத்தை உழைப்பில் வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டு போனாள். மோதிரத்தை விற்கவில்லை. விற்றால் தங்கத்துக்குக் கிடைக்கும் சொற்பப் பணத்துக்காக, கணவர் ஆசையோடு வாங்கித் தந்ததை உடைப்பானேன் என்று நினைத்திருப்பாள். விடைபெறும்போது அது அவள் விரலில் இருந்தது.

அணிவதற்கென்று வாங்கினால் அந்தக் கல்லில் ஒரு குறையும் இல்லை. நாளைய கஷ்டத்துக்கென்று எதையாவது எடுத்து வைப்பதானால், அதை வேறு பொருளில் எடுத்து வையுங்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பெற்றோரும், மகனுக்குப் பெண் கேட்டுச் செல்லும் பெற்றோரும் இந்த வித்தியாசத்தை முதலிலேயே வாய் திறந்து பேசிக்கொள்ளட்டும். பிற்பாடு நகைக் கடையின் முன்னால் ஒரு பெண் கலங்கி நிற்பதை அது தவிர்க்கும்.